கேஸ் கம்மியா, காயில் அழுக்கா?

கேள்வி: திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். படுக்கையறையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி. கேஸ் ஆர்-32. இது அதற்கு ஐந்தாவது கோடை. ஏசி வாயில் கை வைத்தால் சில்லென்றுதான் இருக்கிறது, ஆனால் ஆறடி தள்ளிக் கட்டிலில் படுத்தால் காற்று வருவதே தெரியவில்லை. விடியற்காலையில் இடப்பக்கம் தண்ணீர் சொட்டுகிறது. ஆன் செய்ததும் ஊறப்போட்ட துணி போல ஒரு வாடை. போன ஏப்ரலில் மெக்கானிக் 'கேஸ் கம்மி' என்று டாப்-அப் செய்தார். இந்த வருடமும் அதையேதான் சொல்கிறார். சர்வீஸ் என்றால் ஃபில்டரைக் கழுவி, ப்ளோயரால் ஊதிவிட்டுப் போவார். அவுட்டோரின் பின்பக்கத் தகடுகள் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிர்கின்றன. வருடா வருடம் கேஸ் போட வேண்டுமா? காயிலை நானே கழுவலாமா? ஒருவர் வினிகர் என்கிறார், இன்னொருவர் பாத்ரூம் ஆசிட் என்கிறார். மழைக்காலத்தில் அவுட்டோருக்கு உறை போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. 'வாயில் சில்லென்று இருக்கிறது, கட்டிலுக்குக் காற்று வரவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். கேஸ் குறைந்த ஏசி இதற்கு நேர்மாறாக இருக்கும். காற்று வழக்கம்போலப் பலமாக வரும், அதில் குளிர்ச்சிதான் இருக்காது. காற்று சில்லென்று இருந்தும் பலமில்லை என்றால் உள்ளே ஏதோ காற்றின் வழியை அடைத்திருக்கிறது. ஃபில்டர், காயில் (மெல்லிய தகடுகள் கோத்த குளிர்க்குழாய்ச் சுருள்), ப்ளோயர் (ஏசிக்குள் சுழன்று காற்றைத் தள்ளும் உருளை விசிறி) ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கலாம், மூன்றுமாகவும் இருக்கலாம். ஆகவே இந்த வருடம் கேஸ் போடச் சம்மதிக்காதீர்கள். முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் கேஸை அளக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பணம் வீணாவது அங்கேதான்.

கேஸ் என்பது பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் டாப்-அப் செய்வது, ஓட்டைக் குடத்தை மறுபடி மறுபடி நிரப்புகிற கதைதான். ஆனால் அழுக்கடைந்த காயிலில் மீட்டர் வைத்தால் கசிவே இல்லாதபோதும் பிரஷர் குறைவாகத்தான் காட்டும். இன்டோர் காயிலுக்குள் போகும் குளிர்ந்த திரவம், அறைக் காற்றின் வெப்பத்தை வாங்கித்தான் ஆவியாகிறது. காற்று போதுமான அளவு வராவிட்டால் வெப்பமும் வராது, காயிலின் வெப்பநிலை இறங்கும், அதோடு பிரஷரும் இறங்கும். ஆர்-32 அல்லது ஆர்-410ஏ என்றால் ஓடும்போது சக்‌ஷன் பிரஷர் (கம்ப்ரஸருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம்) ஏறக்குறைய 110 முதல் 140 பிஎஸ்ஐ வரை இருக்கும் (பழைய ஆர்-22 என்றால் 60 முதல் 70). அழுக்குக் காயிலில் அது நூறுக்குக் கீழே நிற்கும். மெக்கானிக் அந்த முள்ளைக் காட்டி 'பாருங்க சார், கம்மி' என்பார். முள் பொய் சொல்லவில்லை, காரணம்தான் வேறு. அந்த நிலையில் கேஸை ஏற்றினால் முள் சரியான இடத்துக்கு வந்துவிடும். அப்புறம் என்றைக்காவது காயிலைக் கழுவினால், உள்ளே தேவைக்கு அதிகமான கேஸ் இருப்பது தெரியவரும். ஆம்பியர் ஏறும், கம்ப்ரஸர் சூடாகும், மே மாத மதியத்தில் ட்ரிப் ஆகும்.

உங்களுடையது இன்வெர்ட்டர் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடாது. வேகம் மாறும்போதெல்லாம் பிரஷரும் மாறும். டெஸ்ட் மோடில் போட்டு வேகத்தை நிலைநிறுத்தாமல் எடுத்த ரீடிங்கை நம்ப முடியாது. ஆர்-32-க்கு நேர்மையான வழி எடை. இருக்கிற கேஸை மீட்டு எடுத்து, கசிவு இருந்தால் அடைத்து, வாக்குவம் பம்ப் போட்டு ஈரத்தையும் காற்றையும் இழுத்த பிறகு, அவுட்டோரின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் கிராம் அளவைத் தராசு வைத்து ஏற்ற வேண்டும். வெறும் மீட்டரும் சிலிண்டருமாக வந்து ஐந்து நிமிடத்தில் முடிப்பது சர்வீஸ் ஆகாது.

நீங்களே பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஏசியை மிகக் குறைந்த டெம்பரேச்சரில், ஃபேன் வேகத்தை முழுக்க வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை முதலில் ஏசியின் மேற்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் வையுங்கள். பிறகு கீழே காற்று வெளிவரும் வாயில் வையுங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் சரி. சென்னைப் புழுக்கத்தில் 8 வந்தால் கவலை வேண்டாம், குளிர்ச்சியில் பெரும்பங்கு காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக மாற்றவே செலவாகிறது. வித்தியாசம் 4, 5 டிகிரிதான், காற்றோ பலமாக வருகிறது என்றால் கேஸையோ அவுட்டோரையோ சந்தேகிக்கலாம். வித்தியாசம் 13, 14 என்று கூடுதலாக இருந்து காற்று சோர்ந்து வந்தால் அழுக்குதான். உங்கள் வீட்டில் இந்தக் கடைசி நிலைதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

விடியற்காலைச் சொட்டுக்கும் இதே காரணம்தான் இருக்கும். காற்று குறைந்து காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால், அதில் ஒட்டும் ஈரம் பனிக்கட்டியாகிறது. பனிக்கட்டி மிச்சமிருக்கும் காற்று வழியையும் அடைக்கிறது. கம்ப்ரஸர் நின்றதும் அது உருகி, காயிலுக்குக் கீழுள்ள ட்ரேயில் விழாமல் ப்ளோயர் மேல் விழுந்து சொட்டுகிறது. ஒருநாள் காலையில் முன்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். காயில் முழுவதும் ஒரே சீராக வெள்ளை பூத்திருந்து, தடித்த குழாயிலும் உறைபனி இருந்தால் காற்றோட்டக் குறைவு. காயிலின் ஒரு மூலையில் மட்டும் பனி, மற்ற இடமெல்லாம் காய்ந்து வெதுவெதுப்பு என்றால் அப்போது கேஸ் கசிவைத் தேடலாம். மெல்லிய குழாய் சேரும் நட்டுகளைச் சுற்றி எண்ணெய்க் கசிவு போலப் பிசுபிசுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் வெளியே வரும். பனி பிடித்திருந்தால் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ சுரண்டாதீர்கள். கூல் மோடை நிறுத்தி, ஃபேன் மோடில் ஒரு மணி நேரம் விட்டால் தானே கரையும். பனியோடு தொடர்ந்து ஓட்டினால் ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்குள் திரும்பிப் போய் அதைக் கெடுக்கும்.

இனிக் கழுவும் வேலை. இதில் உங்களால் முடிந்தது பாதி, மெக்கானிக்குடையது பாதி.

ரிமோட்டில் நிறுத்துவது போதாது. எம்சிபியை (ஏசிக்கு மின்சாரம் தரும் பிரேக்கர் சுவிட்ச்) இறக்கிப் பத்து நிமிடம் காத்திருங்கள். முன்மூடியைத் தூக்கி ஃபில்டரை எடுத்து, தூசி படிந்த பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விடுங்கள். எதிர்ப்பக்கமாக விட்டால் தூசி வலைக்குள் இன்னும் இறுகும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் சட்டம் வளைந்து பிறகு சரியாகப் பொருந்தாது. பொருந்தாத இடுக்கு வழியாகத் தூசி நேராகக் காயிலுக்குப் போகும்.

காயிலில் இருப்பவை 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய அலுமினியத் தகடுகள். இரண்டுக்கும் நடுவில் ஒன்றேகால், ஒன்றரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரலைக் கிழித்துவிடும். இரண்டங்குல மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தகடு ஓடும் திசையில், மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள். குறுக்கே ஒரு தடவை இழுத்தாலும் தகடுகள் மடிந்து அந்த இடத்தில் காற்று நுழையாது. காய்ந்த பஞ்சுத் தூசி முழுவதும் வந்த பிறகுதான் தண்ணீர். முதலிலேயே தண்ணீர் விட்டால் அது களியாகி இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

காயிலை நனைப்பதற்கு முன் ட்ரெயின் பைப்பில் (ட்ரேயிலிருந்து வெளியே போகும் குழாய்) தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். அரை லிட்டர் தண்ணீரை ட்ரேயில் மெதுவாக ஊற்றினால் மறுமுனையில் அதே வேகத்தில் வர வேண்டும். தேங்கி நின்றால் பைப்பில் வழவழப்பான பாசிக்கூழ் அடைத்திருக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் வாக்குவம் கிளீனர் இருந்தால் வெளிமுனையில் வைத்து இழுங்கள், ஜெல்லி போல வரும். வாயால் ஊதாதீர்கள். பைப் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிந்து இறங்க வேண்டும். நடுவில் தொய்ந்திருந்தால் அங்கே நீர் நிற்கும். ஏசித் தண்ணீரை வாளியில் பிடிக்கிற வீடாக இருந்தால் பைப்பின் முனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. மூழ்கினால் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் திரும்பி அறைக்குள் சொட்டும். புழுக்கமான இரவில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் விடும் என்பதால் சிறு அடைப்பும் உடனே தெரிந்துவிடும்.

பிறகு சர்க்யூட் பெட்டி இருக்கும் பக்கத்தை (பெரும்பாலான மாடல்களில் வலப்பக்கம்) பாலிதீன் தாளால் மூடி டேப் ஒட்டுங்கள். கீழே கட்டிலை நகர்த்தித் துண்டு விரியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் மென்மையான பாத்திரம் கழுவும் திரவம் போதும், நுரை அதிகமானால் ட்ரே வழிந்துவிடும். கைத்தெளிப்பானால் காயில் முழுக்க நனைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். சமையலறை எண்ணெய்ப் புகை, ஊதுபத்திப் புகை, குழந்தைக்குப் போடும் பவுடர் எல்லாம் சேர்ந்து காயிலில் பிசுக்காகப் படிந்திருக்கும். வெறும் தண்ணீருக்கு அது அசையாது. பிறகு இரண்டு, மூன்று லிட்டர் சுத்தமான தண்ணீரை அதே தெளிப்பானால் மேலிருந்து மெதுவாக விட்டு, ட்ரெயினில் நுரையில்லாத தண்ணீர் வரும்வரை அலசுங்கள். உங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைக் கொண்டு அலசாதீர்கள். உலர்ந்ததும் உப்பும் சுண்ணாம்பும் தகட்டில் தங்கிவிடும். மெட்ரோ தண்ணீரோ, ஆர்ஓ இயந்திரம் சுத்திகரித்துத் தரும் தண்ணீரோதான் வேண்டும், அது வெளியேற்றும் கழிவுத் தண்ணீர் ஆகாது.

காயிலின் முன்னால் பிளாஸ்டிக் கிளிப்பில் செருகிய சின்ன மணி போன்ற சென்சார் ஒன்று இருக்கும். அறை வெப்பத்தைப் படிப்பது அதுதான். கழுவும்போது கழன்று காயிலில் சாய்ந்துவிட்டால், அறை குளிர்ந்துவிட்டதாக நினைத்து ஏசி சீக்கிரமே வேகத்தைக் குறைத்துவிடும். 'சர்வீஸ் பண்ணின பிறகுதான் கூலிங் போச்சு' என்கிற புகார்களில் ஒரு பங்கு இந்த ஒரு கிளிப்பால் வருவது. எல்லாவற்றையும் மாட்டியபின் ஒரு மணி நேரம் உலரவிட்டு, எம்சிபியைப் போட்டு, ஃபேன் மோடில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் கூலுக்கு மாற்றுங்கள்.

ப்ளோயரை மட்டும் நீங்கள் கழுவ வேண்டாம், பார்த்தால் போதும். எம்சிபி இறக்கியிருக்கும்போதே காற்று வரும் வாயில் டார்ச் அடித்து, உள்ளே நீளமான உருளையை விரலால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு இதழின் குழிவிலும் கறுப்புப் படிவு இருக்கும். அந்தக் குழிவுதான் காற்றை அள்ளுகிறது. அது நிரம்பிவிட்டால் மோட்டார் அதே வேகத்தில் சுற்றினாலும் காற்று வராது. உங்கள் கட்டிலுக்குக் காற்று எட்டாததற்கு, காயிலைவிட இதுவே பெரிய காரணமாக இருக்கலாம். ஆனால் பாதி இதழ்களைத் துடைத்துப் பாதியை விட்டால் உருளை சமநிலை இழந்து ஆட்டமும் சத்தமும் வரும். ஆகவே மெக்கானிக்கிடம் 'வெட் சர்வீஸ்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'ஜாக்கெட் கட்டி, ஜெட் பம்பில் காயிலோடு ப்ளோயரையும் கழுவணும்' என்று சொல்லிவிடுங்கள் (ஜாக்கெட் என்பது கழுவும் தண்ணீரைப் பிடிக்க ஏசியைச் சுற்றிக் கட்டும் உறை). அந்தச் சின்ன பம்பின் அழுத்தம் போதும். கார் கழுவும் பிரஷர் வாஷரைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள், தகடுகளைப் பாய் சுருட்டுவது போல மடித்துவிடும். ஊதுகிற ப்ளோயர் சர்வீஸ் உங்கள் ஏசிக்கு இனிப் பயன்படாது, அது அழுக்கை அறை முழுவதும் பரப்பிவிட்டுப் போகும்.

வினிகர், ஆசிட் இரண்டுமே வேண்டாம். பாத்ரூம் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். தகட்டில் பட்டதும் பொங்கும். பார்ப்பவர்கள் அழுக்கு பொங்கி வருவதாக மகிழ்கிறார்கள். உண்மையில் அலுமினியம் கரைந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறுவதுதான் அந்தப் பொங்கல். காஸ்டிக் சோடா கலந்த கிளீனரும் அதையே செய்யும். கடையில் வாங்கினால் லேபிளில் நியூட்ரல் என்றோ, பிஎச் 7-க்கு அருகில் என்றோ இருப்பதைப் பாருங்கள். வினிகரின் கேடு கண்ணுக்குத் தெரியாது. அதிலுள்ள அசிட்டிக் அமிலம், ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் செப்புக் குழாயின் சுவருக்குள் எறும்பு வளை போலக் கிளை கிளையாக நுண்துளைகள் விழும். வெளியே குழாய் பளபளப்பாகவே இருக்கும், கேஸ் மட்டும் போய்க்கொண்டிருக்கும். சாதாரண சோப்பு நுரைக்கு அந்தக் கசிவு அகப்படுவதும் கடினம். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். ஆசிட் விட்ட இடத்தில் பிளீச்சிங் விட்டால் நச்சுக் குளோரின் வாயு வரும், மூடிய படுக்கையறையில் அது விளையாட்டல்ல.

ஊறிய துணி வாடை ஈரக் காயிலில் வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும் விடுவது. கழுவினால் போகும். திரும்ப வராமல் இருக்க, காலையில் நிறுத்துவதற்கு முன் 15, 20 நிமிடம் ஃபேன் மோடில் விடுங்கள். உங்கள் ரிமோட்டில் ஆட்டோ கிளீன் பட்டன் இருந்தால் அது செய்வதும் பெரும்பாலும் இந்த உலர்த்தல்தான், படிந்த பிசுக்கை எடுக்காது.

அவுட்டோர் விஷயம் கொஞ்சம் கவலைக்குரியது. கடற்காற்றில் வரும் உப்பு தகடுகளில் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இரவெல்லாம் காயில் நனைந்தே இருக்கிறது. செப்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் மின்கலம் போலாகிவிடும், அதில் அலுமினியம்தான் அரிபடும். நீங்கள் பார்த்த வெள்ளைப் பொடி அதுதான். தகடு குழாயைக் கவ்வியிருக்கும் இடத்திலேயே அரிப்பு தொடங்குவதால், வெளியே தகடு நின்றாலும் குழாயின் வெப்பம் தகட்டுக்கு வராமல் போகலாம். வெப்பம் வெளியேறாவிட்டால் கண்டென்ஸர் (அவுட்டோரில் உள்ள காயில்) வெப்பநிலை ஏறும், ஒவ்வொரு டிகிரிக்கும் மின்செலவு ஏறக்குறைய இரண்டு, மூன்று சதவீதம் கூடும்.

எவ்வளவு உதிர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் முடிவு. ஓரங்களில் மட்டும் என்றால் இப்போதைக்குக் கழுவிப் பாதுகாத்தால் போதும். கால் பங்குக்கு மேல் தகடு போய்விட்டால் எந்தக் கழுவலும் பயன்தராது, காயிலை மாற்றத்தான் வேண்டும். முதலில் உங்கள் வாரன்டி அட்டையில் கண்டென்ஸருக்கு எத்தனை வருடம் என்று பாருங்கள். பல கம்பெனிகள் கம்ப்ரஸருக்குத் தருவதைவிடக் குறைவாகவே தருகின்றன, கடலோர அரிப்பை விலக்கியும் வைத்திருக்கலாம். புதிய காயில் வாங்கினால் அரிப்புத் தடுப்புப் பூச்சு போட்டதாகக் கேளுங்கள். உதிர்ந்த காயிலின் மேல் ஸ்ப்ரே அடித்துத் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள், பூச்சு உப்பையும் சேர்த்து உள்ளே பூட்டும். சாதாரண பெயின்ட் இன்னும் மோசம், வெப்பத்தையே தடுத்துவிடும்.

உப்பைக் கழுவ மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மேலிருந்து மென்மையாக அலசினால் போதும், சோப்பு தேவையில்லை. பால்கனிக்குள் நின்று எட்டும் இடத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். வெளிச்சுவர் பிராக்கெட்டில் மாட்டியிருந்தால் மூன்றாம் மாடியில் எட்டிப்பார்க்கும் வேலை வேண்டாம், கயிறு கட்டிய ஆளிடம் விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மேல்மூடியைக் கழற்றி, கன்ட்ரோல் பெட்டியை மூடி, உள்ளிருந்து வெளியே தள்ளுமாறு கழுவச் சொல்லுங்கள். காற்று வெளியிலிருந்து உள்ளே இழுக்கப்படுவதால் அழுக்கு பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், எதிர்த்திசையில் தள்ளினால்தான் வரும். புறாக் கூடு இருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள். சுவருக்கும் காயிலுக்கும் நடுவில் ஒரு சாணாவது இடம் வேண்டும்.

ஃபில்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஜெட் சர்வீஸ் மார்ச்சில் ஒன்று, ஐப்பசி மழை தொடங்குமுன் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை கழுவி முடித்த மறுநாள் தெர்மாமீட்டர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். காற்று பலமாகி, வித்தியாசம் 8 முதல் 12-க்குள் வந்துவிட்டால் கேஸ் பேச்சை விட்டுவிடலாம். காற்று பலமாக வந்தும் வித்தியாசம் 5-ஐத் தாண்டாவிட்டால், அப்போது மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கலாம். டாப்-அப் வேண்டாம், நைட்ரஜன் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடித்துக் காட்டச் சொல்லுங்கள். கேஸ் கூடுதலாக இருக்கிறதா என்ற எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். க்ளாம்ப் மீட்டரில் (ஒயரைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) ஆம்பியர் பெயர்ப்பலகையில் உள்ளதைத் தாண்டினால் போன ஏப்ரல் டாப்-அப்பே கூடுதலாகியிருக்கும், மீட்டு எடுத்து எடைபோட்டு ஏற்ற வேண்டும். ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடிய கேஸ் என்பதால் மூடிய அறைக்குள் வால்வைத் திறந்து வெளியேற்றவும் விடாதீர்கள்.

உறை வேண்டாம். அவுட்டோர் மழைக்காகவே செய்யப்பட்டது. பிளாஸ்டிக் உறைக்குள் உப்பு ஈரம் அடைபட்டு அரிப்பு வேகமாகும், எலியும் குடியேறி ஒயரைக் கடிக்கும். மறந்துபோய் உறையோடு ஆன் செய்தால் கம்ப்ரஸர் நிமிடங்களில் சூடேறி நின்றுவிடும். மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால், மேல்மூடி மீது மட்டும் ஒரு தகரம் வைத்து, நான்கு பக்கமும் திறந்தே விடுங்கள்.